மூன்று கவுன்சில், ஒரே பில்

தங்கச்சி, இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் இருக்கிற இந்தக் கிட்லிங்டனுக்குக் குடிவந்து மூன்று வாரத்தில் கவுன்சில் வரி பில் வந்துவிட்டது, அதில் மூன்று கவுன்சில் பெயர் இருக்கிறது, யாராவது ஏமாற்றுகிறார்களா என்று கேட்டிருந்தாய். விமான நிலையமும் போலீஸ் தலைமையகமும் இருக்கிற ஊரை எப்படிக் கிராமம் என்கிறார்கள் என்றும் கேட்டாய். பதினோரு வருடம் முன்னால் எனக்கும் இதே குழப்பம்தான்.

யாரும் ஏமாற்றவில்லை. பில்லை மறுபடி பார். பெரிய தொகை ஆக்ஸ்போர்டுஷயர் கவுண்ட்டி கவுன்சிலுக்கு, அதாவது மாவட்டம் முழுவதற்குமான மேலடுக்குக்கு: பள்ளி, சாலை, நூலகம், முதியோர் பராமரிப்பு. அடுத்தது அதற்குக் கீழடுக்கான செர்வெல் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்: குப்பை, கட்டட அனுமதி, அப்புறம் எல்லாருக்குமான வரியை வசூலிக்கிற வேலை. கடைசியில் ஒரு சின்னத் தொகை, அதுதான் நம் ஊருக்கு மட்டுமான பாரிஷ் கவுன்சிலுக்கு. விளையாட்டுத் திடல், காய்கறி போட வாடகைக்கு விடும் அலாட்மெண்ட் துண்டுகள், இப்படி. இதற்கு மேல் போலீசுக்கு ஒரு தொகை தனி. நீ தனியாக இருப்பதால் 25 சதவீதம் தள்ளுபடி உண்டு. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும், இன்றைக்கே எழுதிவிடு.

நம்மூர் ஊராட்சி என்று நினைத்து பாரிஷ் ஆபீசில் போய்த் தண்ணீர் பற்றிக் கேட்காதே. நான் கேட்டேன். தண்ணீர் இங்கே தனியார் கம்பெனி, அதற்குப் பில் வேறு. சாலைப் பள்ளத்துக்கும் பாரிஷில் பதில் இல்லை, கவுண்ட்டிதான். எது யாருடையது என்று யோசிக்காமல் ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் என்கிற புகார் இணையதளத்தில் படம் பிடித்துப் போடு, உரிய இடத்துக்கு அதுவே அனுப்பிவிடும்.

கிராமம் என்கிற விஷயம் வேடிக்கையானது. 2011 கணக்கெடுப்பில் இங்கே 13,723 பேர். 1972 உள்ளாட்சிச் சட்டப்படி பாரிஷ் கவுன்சில் ஒரு தீர்மானம் போட்டால் போதும், நாளைக்கே டவுன் ஆகலாம், தலைவரும் மேயர் ஆகிவிடுவார். 1980களில் ஊர்க்காரர்களிடம் கேட்டபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். ஆக்ஸ்போர்டின் ஒட்டுப்பகுதி என்று யாராவது சொன்னால் என் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு முகம் சிவந்துவிடும். 2016 கோடையில் சீனச் சுற்றுலாப் பயணிகள் பஸ் பஸ்ஸாக வந்து, சாதாரண வீட்டுத் தோட்டங்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்களே, அந்த வருடம் அவர் நடை தனி!

ஒரு மாலை பாரிஷ் கூட்டத்துக்குப் போய்ப் பார். எக்ஸிடர் ஹாலில் நடக்கும், தொடக்கத்தில் ஊர்க்காரர் பேசலாம். நான் போன முதல் கூட்டத்தில் ஒரு பெஞ்சை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்று இருபது நிமிடம் வாதம். தூக்கம் வந்தது. ஆனால் பேசியவர்கள் எல்லாரும் தெருவில் தினம் பார்க்கிற முகங்கள். எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். கவுண்ட்டிக்கு மின்னஞ்சல் போட்டுவிட்டுக் காத்திருந்தவளுக்கு அது பெரிதாகப் பட்டது. டிஸ்ட்ரிக்டையும் கவுண்ட்டியையும் கலைத்து ஒரே அடுக்காக்க 2024 டிசம்பரில் அரசு வெள்ளை அறிக்கை போட்டது. இதைப் பற்றியும் கூட்டத்தில் பேச்சு வரும், கேட்டுக்கொள்.

இன்னொன்று, யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். விசாவில் இருந்தாலும் உனக்கு இங்கே ஓட்டு உண்டு. இந்தியா காமன்வெல்த் நாடு என்பதால் பாரிஷ் முதல் பாராளுமன்றம் வரை எல்லாத் தேர்தலிலும் போடலாம். தேசியக் காப்பீட்டு எண் (வேலைக்கும் வரிக்கும் தருகிற நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர்) வந்ததும் இணையத்தில் பதிவு செய். 2023 முதல் படத்தோடு அடையாளச் சான்று கேட்கிறார்கள், இந்தியப் பாஸ்போர்ட்டே போதும். விரலில் மை வைக்க மாட்டார்கள். தடுப்புக்குள் ஒரு குட்டைப் பென்சில் இருக்கும், அதால் பெருக்கல் குறி போட்டுவிட்டு வரவேண்டியதுதான்.