புற்றுநோய் மாத்திரையை வீட்டிலேயே சாப்பிடுகிறவர்களுக்கு மருந்தாளர் என்ன உதவி செய்ய முடியும்?

கேள்வி கேட்டவரின் அம்மா மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறார். பெருங்குடல் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை முடிந்து, கெப்பசைட்டபின் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் கண்டிக்குப் போய் டொக்டரைப் பார்க்க முடியாது, பார்மசியில் கேட்டால் போதுமா, அவர் மருந்தை எண்ணிக் கொடுப்பவர்தானே என்று கேட்டிருக்கிறார்.

நான் ஹட்டனில் மருந்தாளராக வேலை செய்கிறேன். அதனால் என் தொழிலுக்கு நானே சாட்சி சொல்வதுபோல இருக்கும், பரவாயில்லை. தாராளமாகக் கேளுங்கள். டொக்டர் எழுதிய அளவை மருந்தாளர் மாற்ற மாட்டார், மாற்றவும் கூடாது. ஆனால் மாத்திரை வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதைப் பற்றி விசாரிக்கக் கிளினிக் கூட்டத்தில் யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. வார்டில் மருந்து ஏற்றும்போது மிஸி பக்கத்தில் இருப்பார். காய்ச்சல் அடித்தாலோ வாந்தி எடுத்தாலோ அவரே டொக்டரைக் கூப்பிடுவார். வீட்டில் அந்தப் பொறுப்பு முழுவதும் நோயாளி தலையில். ஆகவே மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதுதான் மருந்தாளரின் முதல் வேலை என்பேன். எப்படிச் சாப்பிடுவது என்பது இரண்டாவது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம்ம ஆட்கள் பொறுத்துக்கொண்டே பழகியவர்கள். காய்ச்சலோடு மலைக்குப் போய்ப் பேர் போட்டுவிட்டு வருகிறவர்கள். "பெரிய வியாதிக்குப் பெரிய மருந்து தம்பி, கொஞ்சம் படுத்தத்தான் செய்யும்" என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னார். அப்போது அவருக்கு ஒரு நாளில் ஏழெட்டுத் தடவை வயிற்றால் போய்க்கொண்டிருந்தது. மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விடவில்லை! இந்த மருந்தில் அது வீரம் இல்லை, ஆபத்து.

வழக்கத்தை விட நாளுக்கு நான்கு தடவையோ அதற்கு மேலோ கூடுதலாக வயிற்றால் போனால், அல்லது இரவில் எழுந்து போக வேண்டிவந்தால், அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் கிளினிக்குக்கு அறிவிக்க வேண்டும். ஒரே நாளில் ஒரு தடவைக்கு மேல் வாந்தி எடுத்தாலும், வாய்ப்புண் வந்து சோறு இறங்காவிட்டாலும் அப்படித்தான். காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் பனடோல் போட்டுப் படுக்க வைக்காதீர்கள். பனடோல் சூட்டைக் குறைத்துக் காட்டும், உள்ளே இருக்கும் தொற்று அப்படியே இருக்கும். இந்த மருந்தால், தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் உடம்புக்கு ஓர் இரவு தாமதிப்பதே அதிகம். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும், மருந்துப் பெட்டியையும் கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டுபோங்கள்.

கெப்பசைட்டபின் உள்ளங்கையையும் பாதத்தையும் குறிவைக்கும் மருந்து. முதலில் கூச்சம், எரிச்சல். பிறகு சிவந்து வீங்கித் தோல் உரியும். உங்கள் அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. பறிக்கிறார் என்றால் அதை மருந்தாளரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நாள் முழுக்க விரல் உராய்வதும், ஈரச் சப்பாத்துக்குள் கால் அடைபட்டுக் கிடப்பதும் இதைக் கூட்டும். மாத்திரை தொடங்கிய அன்றிலிருந்தே யூரியா கலந்த கிறீமை இரண்டு வேளை பூசுவது, சுடுதண்ணீரில் கை கழுவாமல் இருப்பது, இறுக்கமில்லாத செருப்பு ஆகியவை உதவும். வலியால் வேலை செய்ய முடியாத அளவுக்குப் போனால் மறுபடியும் அதே விதிதான்: நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். டொக்டர் சில நாள் இடைவெளி விட்டு, தேவைப்பட்டால் அளவைக் குறைத்துத் தொடருவார். சிலருக்கு விரல் ரேகைகூட மங்கிவிடும். கைரேகை வைக்கும் வேலை ஏதாவது இருந்தால் முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள்.

சாப்பிடும் முறை சிக்கலானது அல்ல. காலையும் மாலையும், சாப்பாடு முடிந்து அரை மணி நேரத்துக்குள், தண்ணீரோடு. பெரும்பாலும் 14 நாள் சாப்பிட்டு 7 நாள் விடச் சொல்வார்கள். உங்களுக்கு எழுதியிருப்பது வேறாக இருந்தால் அதன்படிதான். கண்டியில் கொடுத்த உறையில் ஆங்கிலமும் சிங்களமும் மட்டும் இருந்தால், பக்கத்து பார்மசியில் காட்டித் தமிழில் எழுதி வாங்குங்கள். அதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை. நான் சுவர்க் கலண்டரிலேயே சாப்பிடும் நாட்களை வட்டம் போட்டு, விடும் நாட்களைக் குறுக்கே கீறிக் கொடுப்பேன். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடக் கூடாது. வாந்தியில் போய்விட்டது என்று திரும்பவும் போடக் கூடாது.

அப்புறம், வேறு மருந்துகள். இந்தக் கேள்வியை மருந்தாளர் கேட்காவிட்டால் நீங்களே ஆரம்பியுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் கெப்பசைட்டபினும் சாப்பிட்டால் இரத்தப்போக்கு வரை போகலாம். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடோயினின் அளவும் இரத்தத்தில் ஏறும். யாரும் சந்தேகப்படாத ஒன்று ஃபோலிக் அமிலம். இரத்தக்குறைவுக்கு என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் சாதாரணமாகக் கிடைப்பது, இந்த மாத்திரையின் நச்சுத்தன்மையைக் கூட்டக்கூடியது. நாட்டு மருந்து, கஷாயம் எதுவானாலும் மறைக்காதீர்கள். திட்டுவார்கள் என்று பயந்து மறைக்கிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

இன்னொன்று நம் நாட்டுக்கே உரிய தொல்லை. அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வரும் கம்பனி மாறிக்கொண்டே இருக்கும். போன மாதம் ஒரு நிற மாத்திரை, இந்த மாதம் வேறு நிறம். பெட்டி மாறியதும் இது புது மருந்து என்று நினைத்து இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு. பழைய அட்டையை எறியாமல் கொண்டுபோய், "இதுவும் அதுவும் ஒன்றா?" என்று கேளுங்கள். 500 மில்லிகிராமும் 150 மில்லிகிராமும் சேர்த்துக் கொடுத்திருந்தால் எதில் எத்தனை என்று திரும்பச் சொல்லிக் காட்டுங்கள். நல்ல மருந்தாளர் அவரே உங்களைச் சொல்லச் சொல்வார்.

மார்பகப் புற்றுநோய்க்குத் தமொக்சிஃபென் சாப்பிடும் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்குச் சொல்ல வேண்டியது நேர் எதிர்: நன்றாக இருக்கிறதே என்று தானாக நிறுத்தாதீர்கள். அது வழக்கமாக 5 வருட மருந்து, சிலருக்கு 10 வருடம்.

கடையில் நிற்கும் எல்லோரும் மருந்தாளர் இல்லை. பதிவு பெற்ற மருந்தாளர் எந்த நேரம் இருப்பார் என்று விசாரித்து அப்போது போங்கள், போன் நம்பரையும் வாங்கி வையுங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடினால் அந்த நம்பர்தான் கை கொடுக்கும். மாத்திரையை உடைக்கவோ அரைக்கவோ வேண்டாம், பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், எடுத்துக் கொடுப்பவர் கையைக் கழுவிக்கொள்ளட்டும். கர்ப்பிணிகள் தொடாமல் இருப்பது நல்லது. டொக்டர் மருந்தை மாற்றி மிச்சம் இருந்தால், அடுத்த லயத்தில் அதே வருத்தம் உள்ளவருக்குக் கொடுத்துவிடாமல், கிளினிக் நாளில் கொண்டுபோய் ஆஸ்பத்திரி பார்மசியில் ஒப்படையுங்கள்.