தண்ணீர் தேங்கும் நிலத்துக்கு அகத்தியா, சித்தகத்தியா?

கேள்வி: திருவாரூர் அருகே 15 வெள்ளாடுகள் வளர்க்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்கும், சற்றே உவர்ப்பான அரை ஏக்கரில் பசுந்தீவனத்துக்காக வைத்த அகத்தி, இரண்டாவது வெட்டுக்குப் பின் பெரும்பாலும் பட்டுப்போயிற்று. சித்தகத்தி வைக்கலாமா?

பதில்: தாங்கள் கூறும் நிலத்துக்குச் சித்தகத்தியே பொருந்தும். இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டின் இலையிலும் உலர் எடையில் ஏறத்தாழ கால் பங்கு புரதம் உண்டு. ஆகவே தீவனத் தரத்தைவிட, வெட்டையும் தண்ணீரையும் எது தாங்கும் என்பதே தங்களுக்கு முக்கியம்.

அகத்தி உயர்ந்து வளரும் இயல்புடையது. அதன் தண்டைத் தாழ்வாக வெட்டி, இலை முழுவதையும் எடுத்துவிட்டால் மீண்டும் துளிர்க்கும் வலிமை அதற்குக் குறைவு. தங்கள் மரங்கள் பட்டதற்குத் தேங்கிய தண்ணீரோடு இதுவும் காரணமாக இருக்கலாம். எஞ்சியிருக்கும் மரங்களில் நுனியை விட்டுவிட்டுப் பக்கக் கிளைகளை மட்டும் ஒடித்துப் போடுங்கள். கொடிக்காலில் வெற்றிலை படரவும், வீட்டில் கீரைக்கும் பூவுக்கும் அகத்திக்கு நிகர் இல்லை என்பதால், மேடான வரப்பில் சில மரங்களை வைத்துக்கொள்வது நல்லது.

சித்தகத்தியோ, 75 செ.மீ. உயரத்தில் சில இலைக்கிளைகளை விட்டு வெட்டினால், ஆண்டுக்கு மூன்று, நான்கு முறை தழைத்துவரும். வேர்ப்பகுதியில் தண்ணீர் நின்றால் அடித்தண்டு பஞ்சுபோல் பருத்துப் புதிய வேர்களை விடுவதால் அது மூச்சுத் திணறுவதில்லை. உவரையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆனால் இளங்கன்று முழுவதுமாக மூழ்கினால் அழுகிவிடும் என்பதால், ஆனியிலேயே விதைத்து, மழைக்கு முன் மார்பளவு உயரம் வளர்த்துவிடுங்கள். விதையின் தோல் கடினமானது. கொதிக்கவைத்து இறக்கிய நீரில் போட்டு, இரவு முழுவதும் ஊறவிட்டு விதைத்தால் முளைப்பு சீராக இருக்கும். சில ஆண்டுகளில் மரம் தளர்ந்துவிடும். எனவே விதை சேர்த்து வைப்பது அவசியம்.

விதை வாங்கும்போது பூவை விசாரியுங்கள். அகத்திப்பூ விரல் நீளத்துக்குப் பெரியது, வெள்ளையாகவோ சிவப்பாகவோ இருக்கும். சித்தகத்திப்பூ சிறியது, மஞ்சளில் கரும்புள்ளிகள் கொண்டது. பெயரில் அகத்தி இருப்பதால் சீமை அகத்தி விதையை வாங்கிவிடாதீர்கள். அது பேதியாக்கும் வேறு இனச் செடி.

ஆடுகளுக்குச் சித்தகத்தியை மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல், புல்லுடன் கலந்து கொடுங்கள். கோழிக்குஞ்சுகளுக்கு அது நஞ்சாகக்கூடும். கோழிகளும் வளர்ப்பதாயின், விதையும் தழையும் அவற்றின் வாய்க்கு எட்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.