கண் திரையில், கால் எங்கே?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. நண்பர்களோடு எங்கே போனாலும் பாறை விளிம்பு, அருவியின் உச்சி என்று நின்று செல்ஃபி எடுக்கிறான். கண்டித்தால் சிரிக்கிறான். இப்போது படங்களை எனக்குக் காட்டுவதையே நிறுத்திவிட்டான். அவனுடைய முதல் மலையுச்சிப் படத்தைப் பெருமையாக உறவினர்களுக்கெல்லாம் அனுப்பியவள் நான்தான். என்ன செய்வது?
– ஒரு தாய்

பதில்: கடைசிச் செய்தியை மறைக்காமல் எழுதினீர்களே, அங்கிருந்தே தொடங்குங்கள். "அன்று அதை எல்லோருக்கும் அனுப்பியது என் தவறு" என்று அவனிடம் சொல்லுங்கள். காட்டுவதை நிறுத்தியவன் எடுப்பதை நிறுத்தவில்லை. முதலில் அவன் மறுபடியும் காட்ட வேண்டும்.

சாவைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். அந்த வயதில் சாவு என்பது அடுத்தவனுக்கு வருவது. விபத்து நடக்கும் விதத்தைச் சொல்லுங்கள். கண் திரையில் இருக்கிறது, பள்ளம் முதுகுப் பக்கம். பின்னாலிருக்கும் காட்சி முழுதும் விழ வேண்டுமென்று ஓர் அடி நகர்கிறான். அவ்வளவுதான், இதில் துணிச்சலுக்கு வேலையே இல்லை. முன்பக்கக் கேமராவின் அகன்ற லென்ஸ் வேறு, பின்னால் வருவதை உள்ளதைவிடத் தொலைவாகக் காட்டும். தண்டவாளத்தில் நிற்பவனுக்கு ரயில் இன்னும் எங்கோ வருகிறது.

2011 அக்டோபர் முதல் 2017 நவம்பர் வரை உலகெங்கும் செய்திகளில் வந்த செல்ஃபி மரணங்களை இந்திய மருத்துவ ஆய்வாளர்கள் தொகுத்தார்கள். 137 சம்பவங்களில் 259 பேர். சராசரி வயது 23கூட இல்லை. முதல் காரணம் உயரம் அன்று, நீர். சம்பவத்துக்கு ஏறக்குறைய இரண்டு உயிர் என்பதையும் கவனியுங்கள். வழுக்கியவனைப் பிடிக்கப் பாய்ந்தவனும் சேர்ந்து மூழ்குவது நீரில் புதிதல்ல.

எங்கேயும் எடுக்காதே என்றால் கேட்க மாட்டான். விளிம்பு, ஈரப்பாறை, தண்டவாளம் இம்மூன்றிலும் படம் கிடையாது என்று குறித்துச் சொல்லுங்கள். அதில் மட்டும் இளகாதீர்கள். மற்ற இடங்களில் கைபேசியை உயர்த்திவிட்டால் கால் நகரக் கூடாது. இடம் மாற வேண்டுமா, கையை இறக்கு, திரும்பிப் பார், பிறகு நட.

அவன் நண்பர்கள் வீட்டுக்கு வரும்போது இதை அவர்கள் காதிலும் போடுங்கள். அவர்களில் ஒருவன் தள்ளி நின்று எடுத்துக் கொடுக்கட்டும். மலையும் முழுதாகத் தெரியும்.