முதலில் ஊரைச் சொல்லுங்கள்: மண்ணின் செடிகள் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஊர்ப்பெயர் கிடையாது. போன தடவையும் கேட்டேன், இப்போதும் கேட்கிறேன்: ஊர், மண், எத்தனை மணி நேரம் வெயில் விழும், தண்ணீர் உப்பா நல்லதா, இந்த நான்கும் இல்லாமல் கேள்வி அனுப்பாதீர்கள். மழைக்கு முன்னால் நட்டாக வேண்டும் என்று நிறையப் பேர் அவசரப்படுவதால் நேரே கேள்விகளுக்குப் போகிறேன்.

கே: வீட்டு முன்னால் வைக்க நல்ல நாட்டு மரம் ஒன்று சொல்லுங்க சார். (ஊர் இல்லை)

ப: எந்த ஊர்? ராமநாதபுரத்துக்கும் குன்னூருக்கும் ஒரே மரத்தைச் சொல்ல முடியாது. விவரத்தோடு திரும்ப எழுதுங்கள்.

கே: மதில் ஓரம் 40 அடி நீளத்துக்கு கோனோகார்பஸ் வைக்கச் சொல்கிறார்கள். சீக்கிரமே சுவர் மாதிரி மறைத்துவிடுமாம். வைக்கலாமா? (திருப்பூர்)

ப: வேண்டாம். குஜராத் அரசு 2023-இல் இதை நடவே கூடாது என்று தடை போட்டது. மகரந்தத்தால் சளி, இருமல், ஆஸ்துமா வருகிறது, வேர் போய் நிலத்தடிக் குழாயையும் கேபிளையும் கெடுக்கிறது என்று காரணமும் சொன்னார்கள். ஆனால் திருப்பூரில் இருந்துகொண்டு வேலிக்கு வெளிநாட்டுச் செடியைத் தேடுகிறீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காங்கேயம், தாராபுரம் பக்கம் ஒரு நாள் போய் வாருங்கள், கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலங்களைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாக நிற்பது கிளுவை என்கிற முள்மர வேலிதான். போத்து, அதாவது கிளைத் துண்டு, வெட்டி ஊன்றினால் வரும், மழை பொய்த்தாலும் சாகாது, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆடுமாடு நுழையாது. முள் வேண்டாம், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால் நொச்சியையும் ஆடாதோடையையும் ஒன்றரை அடிக்கு ஒன்றாக மாற்றி மாற்றி வையுங்கள். இரண்டும் குச்சியில் வருகிற செடிகள், இரண்டிலும் ஆடு வாய் வைக்காது. நாலைந்து மாதத்தில் மறைத்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், வருடம் ஒன்று ஒன்றரை ஆகும். அதுவரை நடுவில் இரண்டு முறை கவாத்து செய்யுங்கள், அடியிலிருந்து அடர்ந்து வரும்.

கே: கொல்லிமலைக்குப் போனபோது செங்காந்தள் கிழங்கு தோண்டிக்கொண்டு வந்தேன். தொட்டியில் வைத்து மூன்று மாதம் ஆகிறது, முளைக்கவில்லை. என்ன உரம் போடலாம்? (நாமக்கல்)

ப: காட்டிலிருந்து எதையும் தோண்டி எடுக்காதீர்கள். காப்புக்காட்டில் அது சட்டப்படி குற்றம், அதை விட்டாலும், பத்துப் பேர் ஆளுக்கொரு கிழங்கு எடுத்தால் அடுத்த வருடம் அந்தப் பாறையோரத்தில் பூவே இருக்காது. மாநில மலர் என்று பெருமை பேசுகிறோம், பேசிவிட்டுக் கடப்பாரையோடு போகிறோம். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விதைக்காக ஏக்கர் கணக்கில் பயிரிடுகிறார்கள், அங்கே விவசாயிகளிடம் கேட்டால் கிழங்கு கிடைக்கும்.

உங்கள் கிழங்குக்கு உரம் தேவையில்லை. கலப்பை போல வளைந்த கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கும், தோண்டும்போது நுனி ஒடிந்திருந்தால் அது முளைக்காது. நுனி நன்றாக இருந்தால் உறக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம், கோடை முழுக்க அப்படித்தான் கிடக்கும். தண்ணீர் ஊற்றி அழுக வைக்காமல் மழைக்காலம் வரை விட்டுவிடுங்கள். அப்புறம் முக்கியமான ஒன்று: கிழங்கு, இலை, விதை எல்லாமே விஷம். கிழங்கைத் தின்றால் உயிருக்கே ஆபத்து. குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் தொட்டியை வைக்காதீர்கள்.

கே: கறிவேப்பிலைச் செடியில் பச்சைப் புழு, முதலில் பறவை எச்சம் மாதிரி இருந்தது. என்ன மருந்து அடிக்கலாம்? வண்ணத்துப்பூச்சி வருகிற செடிகளும் சொல்லுங்கள். (கும்பகோணம்)

ப: ஒரே கடிதத்தில் புழுவைக் கொல்லவும் கேட்கிறீர்கள், வண்ணத்துப்பூச்சியும் வேண்டும் என்கிறீர்கள். அந்தப் புழுதான் வளர்ந்து கறிவேப்பிலை அழகி என்கிற வண்ணத்துப்பூச்சி ஆகும். மருந்து அடிக்காதீர்கள், இடுப்பளவு வளர்ந்த செடி நாலு கிளை மொட்டையானாலும் மறுபடி துளிர்க்கும். செடி சின்னது என்றால் இன்னும் இரண்டு கன்று சேர்த்து வையுங்கள். வேலியோரம் ஒரு எருக்கு நிற்கட்டும், வெந்தய வரியன் என்கிற வண்ணத்துப்பூச்சி அதில்தான் முட்டை வைக்கும். ஆவாரை, ஈஸ்வரமூலி இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈஸ்வரமூலியை அழகுக்கும் பூச்சிக்கும் மட்டும் வளருங்கள், கஷாயம் வைத்துக் குடிக்க வேண்டாம், அதில் இருக்கும் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

கே: செங்கல்பட்டு பக்கம் 5 சென்ட் மனை வாங்கினோம். முள்ளும் புதருமாகக் கிடந்தது, ஜேசிபி வைத்து சுத்தமாக எடுத்துவிட்டு நாலு லோடு சவுடு அடித்துச் சமன் செய்துவிட்டோம். வீடு கட்ட இன்னும் இரண்டு வருடம் ஆகும். இப்போதே மண்ணின் மரங்கள் வைக்க ஆசை. பட்டியல் தாருங்கள். (சென்னை)

ப: நீங்கள் கேட்கிற பட்டியல் அந்த மனையிலேயே இருந்தது. அதைத்தான் ஜேசிபி அள்ளிக்கொண்டு போய்விட்டது. இந்த மாதிரிக் கடிதம் எனக்கு மாதா மாதம் வருகிறது, ஊர் மட்டும்தான் மாறும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

செங்கல்பட்டு வட்டாரத்தில் வெட்டப்படாமல் கிடக்கும் புறம்போக்கில் என்னென்ன இருக்கும் தெரியுமா? காரை, களா, சூரை, காட்டு எலுமிச்சை, நுணா, அழிஞ்சில், வெப்பாலை, ஆவாரை, சின்ன ஈச்சை. ஆடு கடித்து, விறகுக்கு வெட்டி, வெயிலில் காய்ந்து, எல்லாம் முழங்கால் உயரத்தில் குட்டையாகக் கிடப்பதால் உங்கள் கண்ணுக்குப் புதர். மேலே இரண்டு அடி தெரிகிற அழிஞ்சிலுக்குக் கீழே பல வருடத்து வேர்க்கட்டை இருக்கும். ஆடு வராமல் வேலி மட்டும் போட்டிருந்தால் இரண்டு மழையில் ஆள் உயரத்துக்குக் கிளம்பியிருக்கும். நாற்றங்காலில் 200 ரூபாய் கொடுத்து வாங்கும் கன்று அந்த வேரைப் போட ரொம்ப காலம் ஆகும்.

அதோடு போகவில்லை. மேல் மண் அரை அடியை வழித்து எடுத்தால் அதில் கிடந்த விதைகளும் போய்விடும். வழித்த இடத்தில் முதலில் வருவது பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும்தான், ஒரே மழையில் பார்த்துவிடுவீர்கள். முள் என்றாலே சீமைக்கருவேலம் என்று நினைத்துக்கொண்டு கருவேலையும் வெள்வேலையும் வன்னியையும் சேர்த்துச் சாய்க்கிற கொடுமையும் இதில் உண்டு. வெட்டுவதற்கு முன்னால் பூவைப் பாருங்கள். கருவேலுக்கு மஞ்சளாகவும் வெள்வேலுக்கு வெளிறியும் உருண்டையான பூ, சீமைக்கருவேலத்துக்கு விரல் நீளக் கதிர். வன்னிக்கும் கதிர்தான், அதனால் சந்தேகம் வந்தால் ஊரில் ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள், அவருக்குத் தெரியாத செடி அந்தப் பக்கம் இருக்காது.

சரி, நடந்தது நடந்துவிட்டது, இனி என்ன செய்யலாம் என்று பார்ப்போம். முதலில் வேலி போடுங்கள். வடகிழக்குப் பருவமழை ஒன்று முழுசாகப் போகட்டும், அதுவரை எதையும் வாங்காதீர்கள். மழைக்குப் பிறகு முளைப்பதை வாரம் ஒரு தடவை போய்ப் பாருங்கள். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்னால், கையுறை போட்டு, வேரோடு பிடுங்குங்கள், களைக்கொல்லி வேண்டாம். சவுடு அடிக்காத மூலை ஏதாவது மிச்சம் இருந்தால் அங்கேதான் பழைய வேர்கள் துளிர்க்கும், துளிர்த்தால் பக்கத்தில் ஒரு குச்சி நட்டுக் கயிறு கட்டிவிடுங்கள், நாளைக்கு வருகிற கொத்தனார் மிதிக்காமல் இருக்க. பக்கத்து மனை இன்னும் வெட்டப்படாமல் கிடந்தால், ஏரிக்கரை இருந்தால், அங்கே பழுத்த பழத்தில் ஒரு கைப்பிடி விதை எடுத்து வந்து போடுங்கள். செடியைப் பிடுங்காதீர்கள், விதை போதும்.

அதற்கு அப்புறம் மரம். 5 சென்ட் என்றால் சுமார் 2,200 சதுர அடி, வீடு போக மிஞ்சுவது 600, 700 இருந்தால் அதிகம். இரண்டு சின்ன மரங்களுக்கு மேல் வேண்டாம். ஒரு வெப்பாலை, ஒரு ஆத்தி. ஆத்தி சோழர்களின் அடையாளப் பூ, பூச்சிகளுக்கும் நல்லது, கூரைக்கு மேல் பெரிதாகப் போகாது. மதில் ஓரம் காரையும் களாவும். களாக்காய் ஊறுகாய் உங்களுக்கு, காரைப் பழம் கொண்டைக்குருவிக்கு. சவுடில் கட்டட இடிபாடு கலந்து வந்திருக்கும், ஆகவே குழியை இரண்டுக்கு இரண்டு அடி எடுத்து, சிமெண்ட் கட்டி, ஜல்லி எல்லாம் பொறுக்கிவிட்டு அதன் பிறகு நடுங்கள்.

மனை வாங்கியிருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: ஜேசிபிக்கு ஃபோன் போடுவதற்கு முன்னால் ஒரு மழைக்காலம் பொறுங்கள்.

கே: சென்னையில் மொட்டை மாடியில் நீலக்குறிஞ்சி வளர்க்க விதை எங்கே கிடைக்கும்?

ப: வளராது. ஆயிரத்து முந்நூறு மீட்டருக்கு மேல் மலைப் புல்வெளியில் வாழ்ந்து 12 வருடத்துக்கு ஒரு முறை பூக்கிற செடி அது. 2018-இல் மூணாறில் பூத்தது, 2030-இல் போய்ப் பாருங்கள். பறிக்காதீர்கள்.

கே: மதுரையில் மூன்றாவது மாடி, நாள் முழுக்க வெயில், போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு. தொட்டியில் மண்ணின் செடிகள் வருமா? கற்பூரவள்ளி, நித்தியகல்யாணி ஏற்கெனவே இருக்கின்றன.

ப: விவரமாக எழுதியதற்கு நன்றி, எல்லோரும் இப்படி எழுதினால் என் வேலை பாதியாகக் குறையும். நித்தியகல்யாணி மடகாஸ்கரிலிருந்து வந்தது, இருக்கட்டும், ஆனால் கணக்கில் சேர்க்காதீர்கள். பிரண்டை, தூதுவளை, முசுமுசுக்கை, சிறுகுறிஞ்சான், தும்பை இவை மாடி வெயிலைத் தாங்கும், கொடிகளுக்கு மட்டும் சணல் கயிறு கட்டிவிடுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மக்கிய இலை ஒன்று. தொழுவுரத்தை அள்ளிக் கொட்டாதீர்கள், இந்தச் செடிகளுக்கு அது தேவையில்லை, இலை மட்டும் கொழுத்துப் பூச்சிதான் சேரும். தொட்டியில் உப்பு படியும், மழைத் தண்ணீர் பிடித்து வைத்து மாதம் ஒரு முறை அடியில் வழிகிற அளவு ஊற்றினால் போதும்.

கே: ஆவாரை விதை ஐம்பது போட்டேன், மூன்றுதான் முளைத்தது. இலுப்பை ஒன்றுகூட முளைக்கவில்லை, விதை எட்டு மாதமாகப் பத்திரமாக வைத்திருந்ததுதான். (விருதுநகர்)

ப: இரண்டும் எதிரெதிர் சாதி. ஆவாரைக்கும் கொன்றைக்கும் தோல் கெட்டி, வருடக்கணக்கில் கிடக்கும், ஆனால் தோல் இளகாமல் தண்ணீர் உள்ளே போகாது. கொதித்த தண்ணீரை இறக்கி வைத்து, கொஞ்சம் ஆறியதும் விதையைப் போட்டு ராத்திரி முழுக்க விடுங்கள், காலையில் உப்பியதை மட்டும் விதையுங்கள். ஆவாரையை நிற்கப் போகிற இடத்திலேயே விதைப்பது நல்லது. இலுப்பை, வேம்பு, நாவல் மூன்றும் இதற்கு நேர்மாறு. பழம் விழுந்த ஒன்றிரண்டு வாரத்தில் விதைத்துவிட வேண்டும். எட்டு மாதம் வைத்திருந்த இலுப்பை விதை செத்த விதை. ஆனி, ஆடியில் பழம் விழும்போது புதிதாகப் பொறுக்குங்கள்.

கே: புதர்ச்செடி வைத்தால் பாம்பு வரும் என்று மனைவி வேண்டாம் என்கிறாள். (தேனி)

ப: பாம்பு வருவது எலிக்கும் செங்கல் குவியலுக்கும். எலிக்கு வேலை வைக்காமல் குப்பையை எடுங்கள், செங்கல்லை அடுக்கி வைக்காதீர்கள், வாசலிலிருந்து பத்தடி தள்ளிப் புதரை வையுங்கள்.

கே: மார்கழி, தையில் வேப்பமரத்தில் கிளை நுனியெல்லாம் தீய்ந்தது போலக் காய்கிறது. மரத்தை எடுத்துவிடலாமா? (ஈரோடு)

ப: எடுக்காதீர்கள். தேயிலைக் கொசு என்கிற பூச்சி இளந்தளிரைக் குத்துகிறது, அந்தப் புண்ணில் பூஞ்சை ஏறுகிறது. வெயில் ஏறியதும் பெரும்பாலான மரங்கள் துளிர்த்துவிடும். காய்ந்த நுனியைக் கைக்கு எட்டுகிற வரை வெட்டி எரித்துவிடுங்கள்.

கே: வேதாரண்யம். கஜா புயலில் தென்னை எல்லாம் போய்விட்டது. உப்புக் காற்றுக்கு என்ன வைக்கலாம்?

ப: கடல் பக்கம் புன்னையும் பூவரசும். பூவரசு போத்திலேயே வரும், புன்னையை விதை போட்டு எடுங்கள், மெதுவாக வந்தாலும் காற்றுக்குச் சட்டென்று சாயாது. மணல் பறக்கிற இடத்தில் அடம்பு படரட்டும், அதைக் களை என்று வெட்டாதீர்கள். வீட்டுக்குப் பின்னால் இடம் இருந்தால் கட்டாயம் ஒரு பாலை. கோடியக்கரைக் காட்டில் நிற்கிற அதே பாலைதான், பழம் உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். காய்க்கப் பல வருடம் ஆகும், அதனால் இந்த மழைக்கே வைத்துவிடுங்கள்.

கே: கன்றுகள் எங்கே கிடைக்கும்? வாங்குவதற்கு முன்னால் நேரில் பார்க்க ஏதாவது இடம் உண்டா? (பல்லாவரம்)

ப: பார்த்துவிட்டு வாங்க நினைப்பதே நல்ல பழக்கம். அடையாறில் 2011-இல் திறந்த தொல்காப்பியப் பூங்காவில் நம் கடலோரக் காட்டு மரங்கள் நிறைய வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குப் போங்கள். காசான், வீரை, காட்டு எலுமிச்சை எல்லாம் வளர்ந்தால் எப்படி நிற்கும் என்று தெரியும். ஆரோவில்லில் பிச்சாண்டிக்குளம் காடு பக்கத்தில்தான், இந்த வகைச் செடிகளில் பல காலமாக வேலை செய்கிறவர்கள். வனத்துறை நாற்றங்காலிலும் கேளுங்கள், ஆனால் இலவசம் என்பதற்காக மகாகனியைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், அது அமெரிக்க மரம். கன்று முழங்கால் உயரம் போதும், ஆறடிக் கன்று வேண்டாம். பையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். வேர் ஓட்டை வழியாக வெளியே வந்து தடித்திருந்தால் உள்ளே சுருண்டு கிடக்கிறது என்று அர்த்தம், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கேளுங்கள். புரட்டாசிக்குள் நட்டுவிடுங்கள், அடுத்த இரண்டு கோடைக்கு வாரம் இரண்டு தடவை தண்ணீர் கட்டாயம்.