பனிக்கரடிக்குத்தான் நீந்தத் தெரியுமே, கடல் பனி உருகினால் அதற்கு என்ன கஷ்டம்?

நீந்தும், அதுவும் நாள்கணக்கில். ஆனால் நீந்திக்கொண்டே இரை பிடிக்க வராது. தண்ணீருக்குள் அதன் இரையான சீல் (கடல்நாய்) கரடியைவிட வேகம்.

வேட்டை நடப்பதே பனியின் மேல்தான். வளையச் சீல் என்ற சீல் இனம், கடல் உறையத் தொடங்கும்போதே முன்துடுப்பு நகங்களால் பனியைச் சுரண்டி, மூச்சுவிட ஓட்டைகள் போட்டு வைத்துக்கொள்ளும். பனி 2 மீட்டர் தடித்தாலும் அவற்றை மூடவிடாது. கரடி மோப்பம் பிடித்து வந்து, ஓட்டையருகே மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். சீல் மூச்செடுக்கத் தலை தூக்கினால் ஒரே பிடி. அப்புறம் முதலில் தின்பது தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பை. வயிறு நிறைந்த கரடி இறைச்சியை அப்படியே விட்டுவிட்டுப் போவதும் உண்டு. மிச்சம் ஆர்க்டிக் நரிக்கு.

பனி இல்லாத மாதங்களில் அந்தக் கொழுப்புதான் கைகொடுக்கும். கனடாவின் ஹட்சன் விரிகுடாவில் கோடையில் கடல் பனி முழுக்கக் கரைந்துவிடும். கரடிகள் கரையேறி ஏறக்குறைய பட்டினிதான். பறவை முட்டை, பெர்ரிப் பழமெல்லாம் யானைப்பசிக்குச் சோளப்பொரி. பனி சீக்கிரம் உருகித் தாமதமாக உறைந்தால் பட்டினி நீளும், குட்டிகள்தான் முதலில் சாகும்.

தெற்கிலும் இதே கதைதான், ஆள் மட்டும் வேறு. 2022இல் அண்டார்க்டிகாவின் பெல்லிங்ஸ்ஹவுசன் கடலில் பனி முன்கூட்டியே உடைந்ததால், நீர்புகாத இறகு முளைக்காத எம்பரர் பென்குயின் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன.