120 நாளும் 64 நாளும் தனித்தனி அல்ல

கேள்வி: சொந்த ஊர் குடியாத்தம். 2021 செப்டம்பர் 20 அன்று ஹெல்த் அண்ட் கேர் விசா (மருத்துவத் துறை ஊழியர்களுக்கான வேலை விசா) கிடைத்து, அக்டோபர் 14 அன்று இங்கிலாந்து வந்தேன், நர்ஸாக இருக்கிறேன். 2024 ஆகஸ்ட் கடைசியில் அப்பாவுக்கு ஸ்ட்ரோக். செப்டம்பர் 2 அன்று இங்கிருந்து கிளம்பினேன். வேலூர் சி.எம்.சி.யிலும் பிறகு வீட்டிலும் அவரைப் பார்த்துக்கொண்டு, பொங்கல் வரை இருந்துவிட்டு, 2025 ஜனவரி 15 அன்று திரும்பினேன். அப்புறம் தங்கை கல்யாணத்துக்கு மே 10 அன்று கிளம்பி ஜூன் 30 அன்று திரும்பினேன். 2024-ல் 120 நாள், 2025-ல் 64 நாள். இரண்டுமே 180-க்குள் இருப்பதால் பி.ஆர். (நிரந்தர வசிப்பு அனுமதி) விண்ணப்பத்தில் சிக்கல் வராது என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். சரியா? அப்பாவைப் பார்க்க மறுபடியும் போகலாமா?

பதில்: நாட்களைச் சரியாகத்தான் எண்ணியிருக்கிறீர்கள். ஆனால் ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று பிரித்ததில்தான் தவறு நடந்திருக்கிறது.

நாம் பி.ஆர். என்று சொல்வதை அங்கே ஐ.எல்.ஆர். (Indefinite Leave to Remain) என்பார்கள். உங்கள் விசாவில் அதற்கு விண்ணப்பிப்பவர், தகுதிக் காலத்தில், அதாவது விண்ணப்பிக்கும் முன் அங்கே வாழ்ந்திருக்க வேண்டிய வருஷங்களில், எந்த 12 மாதத்தை எடுத்தாலும் 180 நாளுக்கு மேல் வெளிநாட்டில் இருந்திருக்கக் கூடாது. 'எந்த 12 மாதத்தை எடுத்தாலும்' என்பதுதான் இதில் முக்கியம். 2018 ஜனவரி 11-க்குப் பிறகு கொடுத்த விசாக்களுக்கு இப்படித்தான் பார்க்கிறார்கள். காலண்டர் வருஷத்துக்கு இங்கே வேலையே இல்லை.

உங்கள் தேதிகளையே போட்டுப் பார்ப்போம். கிளம்பிய நாளும் திரும்பி வந்து சேர்ந்த நாளும் சேராது. இடையில் உள்ள முழு நாட்கள் மட்டும்தான் கணக்கு. முதல் பயணம் செப்டம்பர் 3 முதல் ஜனவரி 14 வரை: 28, 31, 30, 31, 14, ஆக 134 நாள். இரண்டாவது மே 11 முதல் ஜூன் 29 வரை: 21, 29, ஆக 50 நாள். இரண்டு பயணமும் 2024 செப்டம்பர் 3 முதல் 2025 செப்டம்பர் 2 வரையிலான ஒரே 12 மாதத்துக்குள் விழுகின்றன. மொத்தம் 184. நான்கு நாள் கூடுதல்.

பதறாதீர்கள், வழி இருக்கிறது. அதற்கு முன் முத்திரை பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், பலர் இதில் தடுமாறுகிறார்கள். செப்டம்பர் 2 அன்று லண்டனில் விமானம் ஏறியவருக்குச் சென்னையில் 3-ஆம் தேதி முத்திரைதான் விழும். அதைக் கிளம்பிய நாள் என்று நினைத்துக் கழித்துவிடக் கூடாது; அது வெளியே இருந்த முழு நாள். திரும்பும்போதும் அப்படியே. 14-ஆம் தேதி ராத்திரி சென்னையில் ஏறி 15 அன்று இறங்கினால், 14-ஐ எண்ணத்தான் வேண்டும். இங்கிலாந்து மண்ணை விட்ட தேதி, மறுபடி மிதித்த தேதி, இந்த இரண்டை மட்டும் நோட்டில் எழுதுங்கள். விசா கிடைத்ததற்கும் நீங்கள் வந்து இறங்கியதற்கும் நடுவே மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது. அந்த நாட்களைத் தகுதிக் காலத்தில் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் வெளியே இருந்த நாட்களாகத்தான் சேரும்.

இப்போது அந்த நான்கு நாளுக்கு வருவோம். நெருங்கிய உறவினரின் உயிருக்கு ஆபத்தான நோய் அல்லது மரணம் காரணமாக வெளியே இருந்த நாட்களை 180-இல் சேர்க்க வேண்டாம் என்று விதியே சொல்கிறது. அப்பா நெருங்கிய உறவுதான். ஸ்ட்ரோக் வந்து படுத்திருந்த நாட்களுக்காக நீங்கள் தாராளமாக இதைக் கேட்கலாம். 134 நாளையும் கழிக்கச் சொல்லிக் கேட்க வேண்டாம் என்பது என் யோசனை. அவர் தேறி உட்கார்ந்த பிறகு பொங்கலுக்காகத் தங்கிய நாட்களையும் அதே காரணத்தில் சேர்த்தால், நியாயமான பகுதியின் மேலும் சந்தேகம் விழும். ஆஸ்பத்திரியில் இருந்த வாரங்களை ஏற்றுக்கொண்டாலே நீங்கள் 180-க்குக் கீழே வந்துவிடுவீர்கள்.

ஆனால் வாய்வார்த்தை போதாது, தாள் வேண்டும். நம் வீடுகளில் ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் மஞ்சப்பைக்குள் மடித்துச் செருகி பீரோ மேல் கிடக்கும்; வீடு வெள்ளையடிக்கும்போது முதலில் போவதும் அதுதான். இன்றே அம்மாவுக்குப் போன் போட்டு அந்தப் பையை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி அவசியம் வேண்டும். சேர்த்த தேதி, அனுப்பிய தேதி, நோயின் பெயர் மூன்றும் அதில் இருக்கும். அதோடு நிலைமை உயிருக்கு ஆபத்தாக இருந்தது, வீட்டில் இத்தனை வாரம் ஒருவர் கூடவே இருந்து கவனிக்க வேண்டியிருந்தது என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். பிசியோதெரபிக்குப் போன சீட்டுகளும் உதவும். அவர் உங்கள் அப்பா என்பதற்கு உங்கள் பிறப்புச் சான்றிதழை வையுங்கள். தமிழில் மட்டும் உள்ள தாள் எதுவாக இருந்தாலும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் மொழிபெயர்த்தவரின் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம் இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று எனக்குக் கவலை தருகிறது. நான்கரை மாதம் வேலைக்குப் போகவில்லையே, அதில் சம்பளமில்லாத விடுப்பு எவ்வளவு? ஒரு காலண்டர் வருஷத்தில் மொத்தம் நான்கு வாரத்துக்கு மேல் போனால் ஸ்பான்சர்ஷிப்பே (உங்கள் விசாவுக்கு நிறுவனம் தரும் ஆதரவே) கேள்விக்குள்ளாகும் (இங்கே மட்டும் காலண்டர் வருஷம்தான்). பிரசவம், சொந்த உடல்நலக் குறைவு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. தக்க வேறு காரணம் இருந்தால் நிறுவனம் அதை உள்துறைக்குத் தெரிவித்து ஸ்பான்சரைத் தொடரலாம். நீங்கள் வேலை செய்யும் ஆஸ்பத்திரி அப்படித் தெரிவித்ததா என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கணவர் உங்களைச் சார்ந்த விசாவில் இருந்தால் அவருக்கும் இதே 180 நாள் உண்டு. அவர் குடியாத்தத்தில் கூடுதலாகத் தங்கியிருந்தால் அவர் கணக்கைத் தனியாகப் போடுங்கள்.

விண்ணப்பக் கட்டணம் 3,000 பவுண்டுக்கு மேல். மறுத்தால் திரும்ப வராது. உங்களுடையது எல்லையைத் தாண்டிய கணக்கு என்பதால், அங்கே பதிவு பெற்ற குடிவரவு ஆலோசகர் ஒருவரிடம் காட்டிய பிறகே அனுப்புங்கள். தகுதிக் காலத்தை ஐந்து வருஷத்திலிருந்து பத்தாக்கும் திட்டத்தை பிரிட்டன் அரசு 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் அறிவித்திருக்கிறது. எனவே விண்ணப்பிக்கும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்பதை அரசின் இணையதளத்திலேயே பாருங்கள். பின்னால் குடியுரிமைக்குப் போகும் எண்ணம் இருந்தால் அதற்கு வேறு எல்லை: ஐந்து வருஷத்தில் 450 நாள், கடைசி 12 மாதத்தில் 90 நாள்.

அப்பாவைப் பார்க்கத் தாராளமாகப் போங்கள். டிக்கெட் போடும் முன், திரும்பி வரப்போகும் தேதியிலிருந்து 12 மாதம் பின்னால் எண்ணி, அதற்குள் விழும் பழைய நாட்களோடு புதிய நாட்களையும் கூட்டிப் பாருங்கள். அப்பாவின் அடுத்த ரிவ்யூ தேதியை ஒட்டிப் போனால் டாக்டர் கடிதத்தையும் கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.