வாசகர் கேள்வி–பதில்: பேஸ்பால் பேச்சு

கேள்வி: அமெரிக்காவின் 'மூன்று ஸ்ட்ரைக்' சட்டம் என்று படித்தேன். மூன்று முறை வேலைநிறுத்தம் செய்தால் சிறையா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: வேலைநிறுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இது பேஸ்பால் ஸ்ட்ரைக். அகராதியில் 'அடி' என்று இருக்கும். ஆட்டத்தில் அடிக்கத் தவறுவதற்குத்தான் அந்தப் பெயர். பேட்டைச் சுழற்றியும் பந்து படாவிட்டால் ஸ்ட்ரைக். ஹோம் பிளேட்டுக்கு (பேட்டர் பக்கத்தில் தரையில் பதித்த தட்டு) மேலே, முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வந்த பந்தைச் சும்மா விட்டாலும் ஸ்ட்ரைக். கோட்டுக்கு வெளியே போகும் ஃபவுல் அடியும் முதல் இரண்டு வரை ஸ்ட்ரைக் கணக்கில் சேரும். மூன்று ஆனால் அவுட். கிரிக்கெட்டில் நல்ல பந்தையும் தடுத்துத் தடுத்தே நாளைக் கடத்தலாம். இங்கே அதற்கு வழியில்லை.

இந்தக் கணக்கைத்தான் வாஷிங்டன் மாநிலம் 1993இலும் கலிஃபோர்னியா 1994இலும் சட்டமாக்கின. கலிஃபோர்னியாவில், கடுமையான அல்லது வன்முறைக் குற்றத்துக்காக இரண்டு முறை தண்டனை பெற்றவர், மூன்றாவதாக எந்தப் பெருங்குற்றத்தில் சிக்கினாலும் 25 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை. மூன்று கோல்ஃப் மட்டைகளைத் திருடிய ஒருவருக்கு இப்படிக் கிடைத்த தண்டனையை 2003இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2012இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, பெரும்பாலும் மூன்றாவது குற்றமும் கடுமையானதாக இருந்தால்தான் என்று திருத்தினார்கள். களத்தில் மூன்று ஸ்ட்ரைக் வாங்கியவர் தன் முறை வந்ததும் மறுபடி பேட்டோடு வருவார். சட்டம் ஆட்டத்தின் அந்தப் பாதியை எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: 'கர்வ்பால்' என்பதைக் 'கூக்ளி' என்று மொழிபெயர்க்கலாமா? (வாசகி, மதுரை)

பதில்: எதிர்பாராத கேள்வி என்ற பொருளில் வந்தால் தாராளமாக எழுதலாம். ஆட்டத்தைப் பற்றிய கட்டுரையில் வேண்டாம். கூக்ளி தரையில் குத்தித் திரும்பும். கர்வ்பால், பந்து வீசுபவருக்கும் ஹோம் பிளேட்டுக்கும் நடுவிலுள்ள 60 அடி 6 அங்குலத் தூரத்தையும் தரையில் படாமல் கடக்க வேண்டும்; வளைவு முழுக்கக் காற்றிலேயே நடக்கும். நடுவிரல் தையலை ஒட்டி அழுத்தும், ஆள்காட்டி விரல் பக்கத்தில் லேசாக இருக்கும், கட்டைவிரல் அடியில் தாங்கும். விடும் நொடியில் நடுவிரல் பந்தின் முன்பக்கத்தைக் கீழே இழுக்கிறது. பந்தின் மேற்பகுதி பேட்டரை நோக்கிச் சுழல, காற்று பந்தைக் கீழே தள்ளுகிறது. ஃபாஸ்ட்பால் மணிக்கு 150 கி.மீ. என்றால் இது 125–130தான். வேகத்தை நம்பி முந்திச் சுழற்றியவர் ஏமாந்துபோவார்.

விரல் வழுக்கிச் சுழற்சி குறைந்தால் பந்து இறங்காது. இடுப்பு உயரத்தில் மிதந்து வரும். 'ஹேங்கிங் கர்வ்' என்பார்கள். பெரும்பாலும் ஹோம் ரன்னில் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) போய் முடியும்.

செய்தியில் இந்தச் சொல் பெயராகவும் வரும், கவனம். ஈராக்கில் நடமாடும் உயிரி ஆயுதக் கூடங்கள் இருப்பதாகப் பொய்த் தகவல் தந்தவருக்கு உளவுத் துறை வைத்திருந்த சங்கேதப் பெயர் 'கர்வ்பால்'. அதையும் மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

கேள்வி: அமெரிக்க வாடிக்கையாளர் 'ரெயின் செக்', 'பால்பார்க்' என்றெல்லாம் பேசுகிறார். எப்படிப் பதில் சொல்வது? (வாசகர், சென்னை)

பதில்: மழையில் ஆட்டம் நின்றுபோனால், டிக்கெட்டின் கிழித்த துண்டைக் காட்டி வேறொரு நாள் ஆட்டம் பார்க்கலாம். அந்தத் துண்டுதான் ரெயின் செக். உங்கள் அழைப்புக்கு அப்படிச் சொன்னால் 'இன்னைக்கு வேண்டாம், இன்னொரு நாள் பாக்கலாம்' என்று அர்த்தம். 'பால்பார்க்' கேட்டால் குத்துமதிப்பு போதும்: 43,700 டாலர் என்று எழுதாமல், 40லிருந்து 50 ஆயிரத்துக்குள் என்று சொல்லுங்கள்.

கேள்வி: நீதிபதியை ஏன் அம்பயரோடு ஒப்பிடுகிறார்கள்? (வாசகி, ஈரோடு)

பதில்: 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிப் பதவிக்கான செனட் விசாரணையில் ஜான் ராபர்ட்ஸ் அப்படிச் சொன்னார். தன் வேலை பால், ஸ்ட்ரைக் என்று அறிவிப்பது, பந்து வீசுவதோ அடிப்பதோ அல்ல என்பது அவர் வாதம். (அடிக்க வாகாக வராததும், பேட்டர் தொடாமல் விட்டதுமான பந்துதான் 'பால்', நான்கு ஆனால் அவர் முதல் பேஸுக்கு (ரன் எடுக்க ஓடும் வழியின் முதல் நிறுத்தம்) நடந்தே போகலாம்.) கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்பயருக்கு ஸ்ட்ரைக் எல்லையை விதிப்புத்தகம் வகுத்துக் கொடுத்துவிடுகிறது. அரசியல் சாசனத்தின் எல்லை எது என்பதை உச்ச நீதிமன்ற நீதிபதிகளே முடிவு செய்கிறார்கள்.